முதல் வால்வு ஆம்ப்: தூக்கிப் பார்த்து வாங்குங்கள்

வீட்டில் பாட்டுக் கேட்க முதன்முதலாக ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர் வாங்க வேண்டும், செலவு கையைக் கடிக்கக் கூடாது, எதை வாங்கலாம் என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஸ்பீக்கர் எது?

"நல்ல ஸ்பீக்கர்தான்" என்று பதில் வரும். டிரான்சிஸ்டர் ஆம்ப் வாங்குகிறவருக்கு அந்தப் பதில் போதும். 50 வாட், 100 வாட் எல்லாம் மலிவாகிவிட்டதால் அநேகமாக எந்த ஆம்பும் எந்த ஸ்பீக்கரையும் ஓட்டிவிடும். வால்வில் ஒவ்வொரு வாட்டுக்கும் காசு எண்ணி வைக்க வேண்டும். 8 வாட் ஆம்ப் ஒரு ஸ்பீக்கரில் கூடத்தையே நிறைக்கும். இன்னொரு ஸ்பீக்கரில் தவில் அடி விழும் இடத்தில் திணறிக் கரகரக்கும். இரண்டுமே நல்ல ஸ்பீக்கர்களாக இருக்கலாம்.

அதனால் ஸ்பீக்கரிலிருந்து ஆம்புக்கு வருவோம். மாடல் பெயர்கள் கடைசியில்தான் வரும். அதற்குள் பாதிப் பெயர்களை நீங்களே தள்ளிவிடுவீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதே காசுக்கு டிரான்சிஸ்டர் ஆம்ப் வாங்கினால் வாட்டும் கூடுதல், ஒலியில் சேரும் கலப்படமும் (டிஸ்டார்ஷன்) குறைவு, சூடும் குறைவு. கருவி வைத்து அளந்தால் பெரும்பாலும் அதுதான் ஜெயிக்கும். வால்வின் ஒலி வேறு மாதிரி இருக்கிறது, அது பிடித்திருக்கிறது என்பதற்காகத்தான் இதை வாங்குகிறோம். வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

உள்ளே நடப்பது

வால்வு என்பது காற்று உறிஞ்சப்பட்ட ஒரு கண்ணாடிக் குடுவை. நடுவில் கேதோடு என்ற உலோக முனை. அதை ஹீட்டர் என்ற ஒரு சின்ன இழை சூடாக்குகிறது. சூடேறிய கேதோடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, 300, 400 வோல்ட்டில் காத்திருக்கும் பிளேட் என்ற உலோகத் தகட்டை நோக்கி ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவே கிரிட் என்ற மெல்லிய கம்பிச் சுருள் நிற்கிறது. ஏரி மதகை ஒரு சாண் ஏற்றி இறக்கினால் வாய்க்கால் தண்ணீர் எவ்வளவு கூடிக் குறைகிறதோ, அப்படித்தான் இதுவும்: கிரிட்டில் வோல்ட்டேஜ் கொஞ்சம் அசைந்தால் போதும், கேதோடிலிருந்து பிளேட்டுக்கு ஓடும் கரண்ட் பெரிதாக ஏறி இறங்கும். அதுதான் பெருக்கம்.

1904இல் ஃபிளெமிங் செய்த முதல் வால்வில் கிரிட் கிடையாது. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவது முனையைச் செருகினார். 1947இல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தபின் வால்வு மெல்ல மெல்ல விலகிப் போனது. ஆனால் கிட்டார் ஆம்பும் ஹைஃபை ஆம்பும் அதை விடவில்லை. ஸ்லோவாக்கியாவில் ஜேஜே கம்பெனி, ரஷ்யாவின் சராத்தோவில் ஒரு தொழிற்சாலை, சீனாவில் சில என்று இன்றைக்கும் புதிய வால்வுகள் வந்துகொண்டிருக்கின்றன.

ஒரு ஸ்டீரியோ ஆம்பில் சின்ன வால்வுகள் வோல்ட்டேஜைப் பெருக்கும். இசிசி83, 6எஸ்என்7 போன்றவை இந்த வகை. பெரிய வால்வுகள் ஸ்பீக்கருக்கு வேண்டிய சக்தியைத் தரும். முதல் ஆம்ப் தேடுகிறவர் கண்ணில் படும் பெரிய வால்வுகள் நாலைந்துதான். விரல் பருமனில் இஎல்84, அதைவிடப் பெரிய இஎல்34, அதற்கும் மேலே கேடி88, பிறகு விலை எகிறும் 300பி. எந்தப் பெயர் உசத்தி என்று இப்போது கவலைப்பட வேண்டாம். அது மூன்றாவது நான்காவது கேள்வி.

எத்தனை வாட் போதும்?

ஸ்பீக்கரின் விவரத்தாளில் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். 86 டெசிபல், 90 டெசிபல் என்பது போல. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்றால் எவ்வளவு சத்தம் கேட்கும் என்பதுதான் அது. (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது சரி. 4 ஓம் ஸ்பீக்கரில் பல கம்பெனிகள் 2.83 வோல்ட் கொடுத்து அளக்கின்றன. அது உண்மையில் 2 வாட். எண்ணில் 3ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.)

இரண்டு விதிகள் போதும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபல் கூடும். அதாவது 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 2 வாட் கொடுத்தால் 89, 4 வாட்டுக்கு 92, 8 வாட்டுக்கு 95. இதையே திருப்பிப் பாருங்கள். 92 டெசிபல் ஸ்பீக்கரும் 8 வாட் ஆம்பும் சேர்ந்து தரும் சத்தத்தை 86 டெசிபல் ஸ்பீக்கரிடம் வாங்க 32 வாட் வேண்டும். வால்வு உலகில் 8 வாட்டுக்கும் 32 வாட்டுக்கும் நடுவே இருப்பது பெரிய பணம்.

இனி உங்கள் நாற்காலிக்கு வருவோம். ஸ்பீக்கரிலிருந்து 2.5, 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், அறையின் எதிரொலியையும் சேர்த்துப் பார்த்தால், 7 டெசிபல் அளவுக்குக் குறையும். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 திரும்பக் கிடைக்கும். நிகர நஷ்டம் 4 என்று வைத்துக்கொள்ளலாம். 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் நாற்காலியில் 82. நல்ல சத்தமாகப் பாட்டுக் கேட்பவருக்கும் சராசரி 75 டெசிபல் போதும். அதற்கு 0.2 வாட் போதுமானது! ஆனால் இசை சராசரியிலேயே ஓடுவதில்லை. மிருதங்கத்தில் ஒரு அடி, டிரம்ஸில் ஒரு தட்டு சராசரியைவிட 15 டெசிபல் மேலே துள்ளும். அந்தத் துள்ளலுக்கு 90 டெசிபல் வேண்டும். அதற்கு 6 வாட்டுக்கு மேல் ஆகும்.

ஆக 86 டெசிபல் ஸ்பீக்கரோடு 8 வாட் ஆம்ப் விளிம்பில் நிற்கிறது. கொஞ்சம் வால்யூம் ஏற்றினால் துள்ளல்கள் வெட்டுப்படும். 92 டெசிபல் ஸ்பீக்கரென்றால் அதே துள்ளலுக்கு 1.6 வாட் போதும். ஆம்ப் சிரமமே இல்லாமல் பாடும்.

அந்தக் காலத்து ஃபிலிப்ஸ் வால்வு ரேடியோக்கள் பலவற்றில் கடைசி வேலையைச் செய்தது ஒரே ஒரு இஎல்84தான். 4, 5 வாட் இருக்கும். அதை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்த அத்தனை பேரும் இலங்கை வானொலி கேட்டார்கள். மெல்லிய காகிதக் கூம்பு வைத்த அந்த ஸ்பீக்கர்கள் சிறு சக்திக்கே நன்றாக ஒலித்தன. இன்றைய குட்டி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள் சிறிய பெட்டியில் ஆழ்ந்த பேஸ் தர வேண்டும் என்பதற்காக அந்தச் சென்சிட்டிவிட்டியை விட்டுக்கொடுத்துவிட்டன. கேஇஎஃப் எல்எஸ்50 என்ற புகழ்பெற்ற ஸ்பீக்கர் 85 டெசிபல்தான். அருமையான ஸ்பீக்கர், ஆனால் குறைந்த வாட் வால்வு ஆம்புக்குத் துணையாகாது.

என் கணக்கு இப்படி: 87 டெசிபலுக்குக் கீழே என்றால் 30 வாட்டுக்குக் குறைந்த வால்வு ஆம்பைத் தொடாதீர்கள். 88 முதல் 91 வரை என்றால் 12 முதல் 20 வாட் வரை வசதியாக இருக்கும். 92க்கு மேலே போனால்தான் 5, 8 வாட் ஆம்புகளைப் பற்றி யோசிக்கலாம். விவரத்தாளில் போட்டிருக்கும் எண்ணில் கம்பெனிகள் 2, 3 டெசிபல் தாராளம் காட்டுவதுண்டு. அதையும் மனதில் வையுங்கள்.

ஓம் கணக்கையும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். '8 ஓம்' என்று போட்ட ஸ்பீக்கர் சில சுருதிகளில் 4க்கும் கீழே இறங்கும், சிலவற்றில் 30க்கு மேல் ஏறும். வால்வு ஆம்ப், குறிப்பாக ஃபீட்பேக் (வெளியே வரும் சிக்னலில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விட்டுப் பிழை திருத்தும் ஏற்பாடு) இல்லாதது, இந்த ஏற்ற இறக்கத்தைத் தன் ஒலியிலேயே காட்டிவிடும். பேஸ் தொளதொளவென்று ஆகும், அல்லது நடுவே ஏதோ ஒன்று தூக்கலாகக் கேட்கும். ஓம் ரொம்ப இறங்காத ஸ்பீக்கர்தான் வால்வுக்குப் பொருத்தம்.

காசு எங்கே போகிறது

படத்தில் வால்வுகள் அழகாக ஒளிரும். விளம்பரமும் அவற்றைத்தான் காட்டும். ஆனால் ஆம்பின் விலையும் ஒலியும் பெரும்பாலும் பின்னால் கறுப்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில்தான் இருக்கிறது.

அது எதற்கு? வால்வு அதிக வோல்ட்டேஜிலும் குறைந்த கரண்ட்டிலும் வேலை செய்யும். ஸ்பீக்கருக்கு வேண்டியதோ அதற்கு நேர் எதிர். ஒரு ஜோடி இஎல்34க்கு 6,600 ஓம் அளவிலான லோட் (ஆம்ப் ஓட்ட வேண்டிய சுமை) பொருத்தம். ஸ்பீக்கர் 8 ஓம். இரண்டையும் இணைக்க, ஸ்பீக்கர் பக்கம் ஒரு சுற்று என்றால் வால்வு பக்கம் சுமார் 29 சுற்று என்ற விகிதத்தில் கம்பி சுற்ற வேண்டும்.

கேட்கச் சுலபமாக இருக்கும், கட்டுவது கடினம். பேஸ் இறங்காமல் வர வேண்டுமானால் நிறையச் சுற்றும் பெரிய இரும்பு கோரும் வேண்டும். சுற்று கூடக்கூட, ஜால்ராவின் சிணுங்கல் போன்ற உச்ச ஒலிகள் மங்கும். அந்த மங்கலைத் தடுக்க இரண்டு பக்கத்துக் கம்பிகளையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும், அடுக்குகளுக்கு நடுவே காகிதம் வைக்க வேண்டும். கைவேலையும் நல்ல இரும்பும் விலையை ஏற்றுகின்றன. விலை குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் முதலில் கை வைப்பதும் இங்கேதான், ஏனென்றால் பெட்டிக்குள் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் எடையை மறைக்க முடியாது. இஎல்34 ஜோடி வைத்த நேர்மையான ஸ்டீரியோ ஆம்ப் 15, 20 கிலோ இருக்கும். 1959இல் வந்து லட்சக்கணக்கில் விற்ற அமெரிக்காவின் டைனாக்கோ எஸ்டி-70, சேனலுக்கு (இடது, வலது என ஒவ்வொரு பக்கத்துக்கும்) 35 வாட், 14 கிலோவைத் தாண்டும். ஒற்றை வால்வு வைத்த 8 வாட் ஆம்ப்கூட 10 கிலோவை நெருங்க வேண்டும். ஒருவர் '40 வாட் வால்வு ஆம்ப், எடை 5 கிலோ' என்று விற்றால் சுவிட்ச் போட்டுக் கேட்கவே தேவையில்லை. கடைக்குப் போனால் தூக்கிப் பாருங்கள். இணையத்தில் வாங்கினால் விவரத்தாளில் எடை இருக்கும். விலையை எடையால் வகுத்து ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். விநோதமான வழிதான், ஆனால் விமர்சனங்களில் வரும் உரிச்சொற்களைவிட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

ஒற்றையா, ஜோடியா

சேனலுக்கு ஒரு பெரிய வால்வு மட்டும் வைத்துக் கட்டினால் சிங்கிள் எண்டட். இரண்டு வால்வுகள் எதிரெதிராக, ஒன்று தள்ள ஒன்று இழுக்க வேலை செய்தால் புஷ்-புல். ஒற்றை இஎல்84 தருவது 5 வாட்டுக்குள். ஜோடி தருவது 10 முதல் 17 வரை. இஎல்34இல் ஒற்றை என்றால் 6, 8 வாட். ஜோடி என்றால் 35க்கு மேலும் போகும். 300பி ஒற்றையாக 8 வாட் அளவில் தரும். அந்த 8 வாட்டின் பேரில் எழுதப்பட்ட கவிதைகள் ஏராளம்.

வாட்டைத் தாண்டி ஒலியிலும் வித்தியாசம் உண்டு. எந்த ஆம்பும் உள்ளே போன ஒலியோடு கொஞ்சம் கலப்படம் சேர்த்துத்தான் வெளியே விடும். அந்தக் கலப்படம் மூல சுருதியின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று விழும். நம் சங்கீதக் கணக்கில் பார்த்தால் விஷயம் சட்டென்று விளங்கும். ஷட்ஜத்தை அனுப்புகிறோம். இரண்டு மடங்கில் விழுவது மேல் ஷட்ஜம். மூன்று மடங்கில், அதற்கு மேலே உள்ள பஞ்சமம். நான்கில் மீண்டும் ஷட்ஜம். ஐந்தில் அந்தர காந்தாரம், தம்பூரா சுத்தமாகச் சேர்ந்தால் தானாகக் கேட்குமே, அதே காந்தாரம். ஏழாவது மடங்கு எந்த சுரஸ்தானத்திலும் சரியாக உட்காராது. கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே போய் விழும்.

சிங்கிள் எண்டட் ஆம்பில் சேரும் கலப்படத்தில் பெரும்பகுதி இரண்டாவது மடங்கு. பாடுகிறவருக்குப் பின்னால் யாரோ மேல் ஷட்ஜத்தில் மெல்லப் பிடித்த மாதிரி. காது அதைப் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை, 'குரல் கனமாக இருக்கிறது' என்று எடுத்துக்கொள்கிறது. புஷ்-புல்லில் இரட்டைப்படை மடங்குகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பெரும்பாலும் காணாமல் போகும். மிஞ்சுவது மூன்றாவது போன்றவை. மொத்தக் கலப்படமும் குறைவு. ஒலி இன்னும் தெளிவாக, நேராக இருக்கும்.

ஆனால் இந்த இனிமைக் கதை தனிக்குரலுக்கும் தனிப் புல்லாங்குழலுக்கும்தான் முழுதாகப் பொருந்தும். முப்பது வயலின் ஒன்றாக வாசிக்கும் சினிமாப் பாட்டில் ஒவ்வொரு சுரமும் மற்ற சுரத்தோடு கலந்து, இரண்டின் கூட்டலிலும் கழித்தலிலும் புதுச் சுருதிகளை உண்டாக்கும். அவை எந்த ராகத்துக்கும் கட்டுப்படாதவை. அங்கே சிங்கிள் எண்டட் ஆம்ப் கொஞ்சம் குழம்பும். கச்சேரிப் பதிவுகளும் பழைய மெல்லிசையும் அளவான சத்தத்தில் கேட்பவருக்கு ஒற்றை வால்வு பிடித்துப்போகும். எல்லாவற்றையும் கேட்பவருக்கு, முதல் ஆம்புக்கு, புஷ்-புல் என்பதுதான் என் கட்சி.

பட்ஜெட் பார்வையிலும் அதுவே சரி. சிங்கிள் எண்டட்டில் கரண்ட் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருப்பதால் டிரான்ஸ்ஃபார்மர் கோர் காந்தத்தால் நிறைந்து திணறாமலிருக்க இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். இடைவெளி விட்டால் பேஸ் குறையும். ஈடுகட்ட இன்னும் பெரிய கோர் வேண்டும். புஷ்-புல்லில் இரண்டு பக்கக் கரண்ட்டும் எதிர்த்திசையில் ஓடிச் சமனாகிவிடும். சின்னக் கோரிலேயே நல்ல பேஸ் எடுக்கலாம். மலிவு விலையில் நல்ல சிங்கிள் எண்டட் அரிது என்பதற்கு இதுதான் காரணம்.

வால்வு வைத்தாலும் வால்வு ஆம்ப் அல்ல

சில ஆயிரம் ரூபாய்க்கு உள்ளங்கை அகலத்தில், மேலே இரண்டு குட்டி வால்வு மின்ன, புளூடூத்தோடு 100 வாட் என்று விற்கும் பெட்டிகள் ஏராளம். அவற்றில் ஸ்பீக்கரை ஓட்டுவது உள்ளே இருக்கும் சிப். வால்வு முன்கட்டத்தில் மட்டும் இருக்கும். சிலவற்றில் வால்வின் அடியில் ஆரஞ்சு எல்இடி பொருத்தி வெளிச்சம் கூட்டியிருப்பார்கள். மோசமான சாமான் என்று சொல்லமாட்டேன். சின்ன அறைக்கு நன்றாகவே ஓடும். ஆனால் பின்னால் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிகள் இல்லாத ஒன்றில் இந்தக் கட்டுரையில் பேசும் ஒலி வராது. முன்னால் வால்வும் பின்னால் நல்ல டிரான்சிஸ்டரும் வைத்து முறையாகக் கட்டும் ஹைப்ரிட் ஆம்புகள் வேறு. சென்சிட்டிவிட்டி குறைந்த ஸ்பீக்கரை மாற்ற முடியாதவர் அந்தப் பக்கம் போகலாம்.

பழையது வாங்கலாமா? நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் மைக்செட் வால்வு ஆம்புகள். கூம்பு ஸ்பீக்கரில் பேச்சும் பாட்டும் தூரம் போக வேண்டும் என்று கட்டியவை. அவற்றின் டிரான்ஸ்ஃபார்மரிடம் ஹைஃபை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பழைய வால்வு ரேடியோவைப் பிரித்து ஆம்பாக்கும் ஆசையும் சிலருக்கு வரும். ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் வகை ரேடியோக்களில் உலோகச் சட்டமே மின் லைனோடு சேர்ந்திருக்கும். தொட்டால் ஆள் காலி. தெரிந்தவர் கையில் மட்டும் கொடுங்கள். வெளிநாட்டுப் பழைய ஆம்புகளான குவாட் 2, லீக் ஸ்டீரியோ 20 போன்றவை இன்றும் போற்றப்படுகின்றன. கப்பாசிட்டர் எல்லாம் மாற்றி முடிப்பதற்குள் அவை மலிவாக இராது.

நம் ஊர் கரண்ட், நம் ஊர் வெயில்

வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் தொழில்நுட்பக் கேள்வி: இது எத்தனை வோல்ட்டுக்குக் கட்டியது? அமெரிக்க ஆம்ப் 120, ஜப்பானிய ஆம்ப் 100, சீன ஆம்ப் 220. நம் லைன் 230 என்று பெயர், பல தெருக்களில் 240ஐத் தொடும். 220க்குக் கட்டிய ஆம்பை 240இல் செருகினால் 6.3 வோல்ட் வர வேண்டிய ஹீட்டருக்கு 6.87 போகும். 9 சதவீதம் கூடுதல். உடனே ஒன்றும் ஆகாது, வால்வின் ஆயுள் மட்டும் சுருங்கும். 230 அல்லது 240க்கான இணைப்பு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் நல்ல ஸ்டெபிலைசர் ஒன்றையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எர்த். ஒப்பீனியன் எல்லாம் இதில் கிடையாது. 400 வோல்ட் ஓடும் இரும்புப் பெட்டி அது. வீட்டு மூன்றாவது முனையில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். 'உம்ம்' என்று இரைச்சல் வந்தால் எர்த்தைக் கழற்றச் சொல்லி யோசனை தருபவர்கள் உண்டு. கேட்காதீர்கள்.

அப்புறம் சூடு. ஒரு இஎல்34இன் ஹீட்டர் மட்டுமே 9.5 வாட் எடுக்கும். நான்கு இருந்தால் 38. பாட்டு ஓடாவிட்டாலும் ஆம்ப் மொத்தமாக 150, 200 வாட் இழுத்துக்கொண்டிருக்கும். தினமும் மூன்று மணி நேரம் என்றால் மாதம் 18 யூனிட் வரை. பில் பயமுறுத்தாது. சித்திரை மாதம் மூடிய அறையில் அந்தச் சூடுதான் பயமுறுத்தும். புத்தக அலமாரிக்குள் செருகாமல் மேலே காற்றோட்டம் விடுங்கள். குழந்தைகள் இருந்தால் வால்வுகளை மூடியிருக்கும் கம்பிக்கூண்டைக் கழற்ற வேண்டாம். வெதுவெதுப்பான இடம் என்றால் பல்லிக்கும் எறும்புக்கும் பிடிக்கும். அடித்தட்டின் காற்றுத் துளைகளில் மெல்லிய வலை ஒட்டி வைப்பது வீண் வேலை அல்ல.

சரி, எதை வாங்குவது?

இன்னும் ஒரு சொல் தெரிந்திருக்க வேண்டும்: பயாஸ். பாட்டு இல்லாதபோது பெரிய வால்வில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று நிறுத்தி வைக்கும் அளவு அது. செல்ஃப் பயாஸ், கேதோடு பயாஸ் என்று போட்டிருந்தால் ஆம்ப் தானே பார்த்துக்கொள்ளும். ஃபிக்ஸட் பயாஸ் என்றால் வால்வு மாற்றும்போதெல்லாம் நீங்கள் திருகி வைக்க வேண்டும். வாட் சற்றுக் கூடக் கிடைக்கும், வேலையும் கூட. மேல்தட்டிலேயே மீட்டரும் திருகும் வைத்திருக்கும் ஆம்ப் என்றால் பயமில்லை. பெட்டியைப் பிரித்துத்தான் அளக்க வேண்டும் என்றால் புதியவருக்கு அது வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் வோல்ட்டேஜ் தங்கியிருக்கும். அதே காரணத்துக்காக, சாலிடரிங் பழகாதவர் மலிவு என்று கிட் வாங்கிக் கட்டுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

இன்று குறைந்த விலைப் பக்கத்தில் சீனத் தயாரிப்புகளே ஆள்கின்றன. ரெய்சாங் ஏ10 ஒற்றை இஎல்34 வகை. சென்சிட்டிவிட்டி நல்ல ஸ்பீக்கர் கையில் இருந்தால் நுழைவுக்கு அது ஒரு நியாயமான வழி. வில்சென்டன் ஆர்8 புஷ்-புல், நல்ல கனம். இஎல்34, கேடி88 இரண்டையும் போடலாம், பயாஸ் மீட்டர் மேலேயே இருக்கிறது. சாதாரண ஸ்பீக்கர்களையும் ஓட்டும் வாட் அதில் உண்டு. டாலர் விலையைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். கனமான பெட்டி என்பதால் கப்பல் கூலி, சுங்கம், ஜிஎஸ்டி எல்லாம் ஏறி, ஆர்8 இந்தியாவுக்கு வந்து சேரும்போது லட்சத்தைத் தாண்டும். பழுதானால் திருப்பி அனுப்புவதும் நடக்காத காரியம். அதனால் உள்ளூரில் வால்வு சாதனம் தெரிந்த ஒரு மெக்கானிக்கை முதலில் கண்டுபிடித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். கிட்டார் ஆம்ப் பழுது பார்ப்பவர்களுக்கு இது கைவந்த வேலை.

அந்த அளவு பணம் இல்லை என்றால்? 15 வாட் அளவில் இஎல்84 புஷ்-புல் ஒன்றும், 89, 90 டெசிபல் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றும் சேர்த்து யோசியுங்கள். என்னைக் கேட்டால் நம் அளவு கூடத்துக்கு அதுதான் பொருத்தமான முதல் ஜோடி. இஎல்84 சின்ன வால்வு, மாற்றுச் செலவு குறைவு. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் தயாரித்த இஎல்84கள் பழைய சரக்காக இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மொத்த பட்ஜெட்டில் பாதியாவது ஸ்பீக்கருக்குப் போகட்டும்.

பெட்டி வீட்டுக்கு வந்தால் முதலில் ஸ்பீக்கரை இணைத்து, அதன் ஓமுக்கு ஏற்ற முனையில்தான் வயரைப் போட்டிருக்கிறோமா என்று பார்த்துவிட்டு அப்புறம் சுவிட்ச் போடுங்கள். டிரான்சிஸ்டர் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வால்வு ஆம்பில் லோட் இல்லாமல் சிக்னல் போனால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் வோல்ட்டேஜ் பொங்கி இன்சுலேஷனைத் துளைத்துவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கியதே அந்தப் பாகத்தைத்தான்.

பவர் வால்வு 2,000 முதல் 5,000 மணி நேரம் உழைக்கும், சின்ன வால்வுகள் அதைவிட அதிகம். பழைய முல்லார்டு கம்பெனி வால்வு போட்டால் ஒலி மாறும், டெலிஃபங்கன் போட்டால் இன்னும் மாறும் என்று பேச்சு காதில் விழும். மாறும்தான், கொஞ்சம். முதல் வருடம் அந்தப் பக்கம் போகாமல், கம்பெனி கொடுத்த வால்வுகளோடு கேளுங்கள். பவர் வால்வு மட்டும் அளவு பார்த்து ஜோடி சேர்த்த ஒரு செட் உதிரியாக வாங்கி வைத்துவிடுங்கள். இல்லையென்றால், ஒன்று போனால் இன்னொன்று வெளிநாட்டிலிருந்து வரும்வரை ஆம்ப் சும்மா கிடக்கும்.